ஹஸ்னாவின் இடது கை

என் தங்கை ஹஸ்னா பானு கடையநல்லூரில், புகுந்த வீட்டு மாடியில் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். இந்த வருடம் இருபத்தாறு பிள்ளைகள், ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை. கணக்கும் அறிவியலும் அவள் சொல்லிக்கொடுத்தால் மறக்காது என்று அந்தத் தெருவில் பேச்சு. பள்ளிக்கூட டீச்சரிடம் கேட்கத் தயங்கும் தாய்மார்கள் இவளிடம் வந்து கேட்டுப் போகிறார்கள். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவள் அவள் ஒருத்திதான். அவளைப் பற்றி யார் கேட்டாலும் எனக்குச் சொல்லி மாளாது.

அவள் பாடம் நடத்துவதை மாடிப்படியில் நின்று பார்த்திருக்கிறேன். சுவரில் சாய்த்து வைத்த கரும்பலகையில் இடது கையால் எழுதுவாள். எழுத்து மணி மணியாக இருக்கும், வேகமாகவும் வரும். அடுத்த நிமிடம் ஒரு பிள்ளையின் நோட்டை வாங்கித் திருத்துவாள். அப்போது பேனா வலது கைக்கு வந்துவிடும். எழுத்து சிறுத்துப்போய், ஒவ்வொன்றாக, மெதுவாக விழும். புதிதாகச் சேர்ந்த பிள்ளைகள் அதைப் பார்த்துச் சிரிக்கும். மிஸ்ஸுக்குப் பலகைக்கு ஒரு கை, நோட்டுக்கு ஒரு கை என்று தங்களுக்குள் பேசிக்கொள்ளும். அவளும் சேர்ந்து சிரிப்பாள்.

பலகையில் எழுத அவளை யாரும் பழக்கவில்லை. அதனால் அது இடது கையிடமே தங்கிவிட்டது. நோட்டில் எழுதத்தான் பழக்கினோம். பழக்கியது நான்.

எங்கள் வீடு சங்கரன்கோவிலில். அவள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்தது 1997 ஜூனில். எனக்கு அப்போது பதிமூன்று வயது, எட்டாம் வகுப்பு. அத்தா சவூதியில், தம்மாமில் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை வருவார். அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அதனால் ரேஷன் கார்டு, கரண்ட் பில், ரிப்போர்ட் கார்டு என்று எந்தத் தாள் வந்தாலும் என் கைக்குத்தான் வரும். அத்தா ஒவ்வொரு கடிதத்தின் கடைசியிலும் எனக்கென்று ஒரு வரி எழுதுவார். நான் அங்கே இல்லாத குறை தெரியாமல் தங்கச்சியை வளர்க்க வேண்டியது உன் பொறுப்பு என்று இருக்கும். அந்த வரியை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. அவள் செருப்பை வரிசையாக வைக்கிறாளா, நகம் வெட்டியிருக்கிறதா, பென்சில் சீவியிருக்கிறதா என்று தினமும் பார்ப்பேன். அம்மா என்னை வீட்டு வாத்தியார் என்று கேலி செய்வாள்.

ஹஸ்னா பிறவியிலேயே இடது கைக்காரி. மூன்று வயதில் கரித்துண்டை எடுத்துச் சுவரில் கோழி போட்டாள். பிறகு பஸ் போட்டாள். பஸ்ஸுக்குள் தலைகள் போட்டாள். ஒவ்வொரு தலையும் வேறு மாதிரி இருக்கும், ஒன்றுக்குத் தொப்பி, ஒன்றுக்குக் கொண்டை. எல்லாம் இடது கையால். சாப்பிடும்போது மட்டும் வலது கைக்கு அம்மா மாற்றியிருந்தாள். அதில் அவளுக்கு ஒரு சிரமமும் இருக்கவில்லை.

காலாண்டுப் பரீட்சை முடிந்த சமயம் பள்ளிக்கூடத்திலிருந்து கூப்பிட்டார்கள். அம்மாவுக்குப் பதிலாக நான் போனேன். டீச்சர் நல்லவர்தான், திட்டவில்லை. ஒரு பெஞ்சில் ஐந்து பிள்ளைகள். நான்கு பேரும் வலது கையால் எழுத, ஹஸ்னா இடது கையால் எழுதுகிறாள். பக்கத்துப் பிள்ளையின் முழங்கையும் இவள் முழங்கையும் முட்டிக்கொள்கின்றன. தினமும் சண்டை. அது போகட்டும் என்று டீச்சர் அவள் தமிழ் நோட்டை விரித்துக் காட்டினார். எழுத எழுத அவள் கை எழுத்தின் மேலேயே நகர்ந்து போவதால் பென்சில் கரி தேய்ந்து பக்கம் முழுக்கச் சாம்பல் பூசியதைப் போலிருந்தது. இப்போதே மாற்றிவிட்டால் மாறிவிடும், வயது கூடினால் மாறாது, வீட்டில் கொஞ்சம் பழக்குங்கள் என்றார்.

அந்த நோட்டைப் பார்த்தபோது எனக்கு உடம்பெல்லாம் கூசியது. என் நோட்டுகளில் ஓர் அடித்தல் திருத்தல் இருக்காது.

இவ்வளவுக்கும் அந்தக் கையின் திறமை எனக்குத் தெரியாமல் இல்லை. மாலையில் மதரசாவில் அரபு எழுத்து வலமிருந்து இடமாகப் போகும். எங்கள் எல்லோருடைய கையும் எழுதியதை அழித்துக்கொண்டே நகரும். ஹஸ்னாவின் பலகை மட்டும் துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக இருக்கும். ரசூல் தங்கச்சி எழுத்தைப் பாருங்கள் என்று உஸ்தாது அவள் பலகையைத் தூக்கிக் காட்டியது இரண்டு முறையாவது நடந்தது. அதே உஸ்தாது, சாப்பிடுவது, வாங்குவது, கொடுப்பது எல்லாம் வலது கையால் என்று வாரம் தவறாமல் சொல்வார். எழுதுவதைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் சொன்னதில்லை. டீச்சர் சொன்னதையும் உஸ்தாது சொன்னதையும் சேர்த்து முடிச்சுப் போட்டது நான்தான். சாப்பாட்டுக்கு ஆகாத கை எழுத்துக்கு மட்டும் எப்படி ஆகும் என்று நினைத்தேன். யாரிடமும் கேட்கவில்லை. கேட்க வேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை.

அம்மாவிடம் ஒரு கைத் தையல் மிஷின் இருந்தது. என் பழைய வெள்ளைச் சட்டையின் முதுகுத் துணியை வெட்டி, அவள் இடது கையை அளந்து, ஐந்தரை இஞ்ச் நீளமும் மூன்றரை இஞ்ச் அகலமுமாக ஒரு பை தைத்தேன். மணிக்கட்டில் முடிய ஒரு நாடா. இப்போது இருபது வருடமாக நான் டெய்லர். வடக்கு ரத வீதியை ஒட்டிய சந்தில் பள்ளிச் சீருடைக்கென்றே கடை வைத்திருக்கிறேன். எத்தனையோ ஆயிரம் சட்டை தைத்தாயிற்று. நான் தைத்த முதல் துணி அந்தப் பைதான்.

அக்டோபர் ஆறாம் தேதி திங்கட்கிழமை ஆரம்பித்தேன். மாலை ஐந்து மணிக்குப் பையை மாட்டி நாடாவை முடிவேன். ஏழு மணிக்கு அவிழ்ப்பேன். அந்த இரண்டு மணி நேரம் அவள் வலது கையால் ஐந்து பக்கம் எழுத வேண்டும். காலண்டரில் ஒவ்வொரு நாளும் டிக் போடுவேன். முதல் வாரம் அழுதாள். பிறகு அழவில்லை. ஒன்பதாவது நாள் என்று நினைக்கிறேன், நாடாவை முடியும்போது கேட்டாள்.

"அண்ணே, இந்தக் கை என்ன தப்புப் பண்ணுச்சு?"

"அது கெட்ட கை. நீ நல்ல கையில எழுதிப் பழகணும்" என்றேன்.

அவள் பைக்குள் இருந்த கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுத ஆரம்பித்தாள்.

எழுபத்திரண்டாவது நாள், டிசம்பர் பதினாறு, பையில்லாமலே வலது கையால் ஐந்து பக்கம் எழுதினாள். அரையாண்டு முடிந்து திருத்தி வந்த நோட்டில் டீச்சர் சிவப்பு மையில் 'நன்று' என்று எழுதியிருந்தார். அந்த நோட்டை நான் அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொண்டுபோய்க் காட்டினேன். அடுத்த வருடம் அத்தா வந்தபோது எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி வந்திருந்தார். பெரிய மனுஷன் வேலை பார்த்திருக்கிறாய் என்று முதுகில் தட்டினார்.

அந்த மூன்று மாதத்தில் வேறு சிலதும் நடந்தன. நின்றுபோயிருந்த படுக்கையை நனைக்கிற பழக்கம் அவளுக்குத் திரும்ப வந்தது. குளிர்காலம் அல்லவா என்றாள் அம்மா. சுவரில் படம் போடுவதை அவள் நிறுத்திவிட்டாள். பெருநாளைக்கு வெள்ளையடித்த சுவர் அந்த வருடம்தான் அழுக்காகாமல் இருந்தது. அம்மாவுக்கு அதில் சந்தோஷம். எனக்கும்தான்.

பிறகு அவள் வளர்ந்த கதையெல்லாம் பரீட்சை மார்க்குக் கணக்குதான். வாய்விட்டுக் கேட்டால் எந்தக் கேள்விக்கும் பதில் சொல்வாள். பக்கத்து வீட்டுப் பையன்களுக்கு இவள்தான் பாடம் சொல்லிக் கொடுப்பாள். அவர்கள் இவளைவிட அதிக மார்க் வாங்குவார்கள். ஏன் என்று கேட்டால் நேரம் பத்தவில்லை என்பாள். ஒவ்வொரு பரீட்சைக்கும் அதே பதில். எனக்குக் கோபம் வரும். மூன்று மணி நேரம் எல்லோருக்கும் மூன்று மணி நேரம்தானே, நீ ஆடி அசைந்து எழுதினால் யார் என்ன செய்வது என்று ஏசியிருக்கிறேன். பத்தாம் வகுப்பில் ஐந்நூறுக்கு முந்நூற்றெழுபத்தொன்று. பள்ளியிலேயே முதல் மூன்று பேருக்குள் வருவாள் என்று அவளுடைய ஆசிரியர்கள் எதிர்பார்த்திருந்தார்கள்.

பிளஸ் டூவில் அவளுக்கு உயிரியல் நடத்தியவர் முத்துத்தாய் டீச்சர். ஒருநாள் வகுப்பில் ஹஸ்னாவைக் கூப்பிட்டு இதயத்தின் படத்தைப் பலகையில் போடச் சொல்லியிருக்கிறார். இவள் சாக்பீஸை இடது கையில் எடுத்து ஐந்து நிமிடத்தில் போட்டு, பாகங்களையும் குறித்துவிட்டாள். நோட்டில் அதே படத்துக்கு இருபத்தைந்து நிமிடம் எடுப்பவள். டீச்சர் அப்போதே புரிந்துகொண்டார். பரீட்சைக்கு மூன்று மாதம் இருந்தது. இடது கையால் எழுதிப் பார் என்று சொல்லி, தினமும் மதிய இடைவேளையில் பக்கத்தில் உட்கார்ந்து எழுத வைத்திருக்கிறார். ஆனால் நோட்டின் கோட்டுக்குள் சின்ன எழுத்து எழுதுவது அந்தக் கைக்கு மறந்துபோயிருந்தது. படம் வரும், எழுத்து வரவில்லை. மூன்று வாரம் பார்த்துவிட்டு டீச்சரே விட்டுவிட்டாராம். இதெல்லாம் அந்த நேரத்தில் எனக்குத் தெரியாது. வீட்டில் அவள் சொல்லவில்லை.

பொதுத் தேர்வில் உயிரியலில் ஒரு பத்து மார்க் கேள்வியும் நான்கைந்து சின்னக் கேள்விகளும் எழுதாமல் விட்டாள். மற்றப் பாடங்களிலும் இதே கதை. மொத்தம் ஆயிரத்திருநூறுக்கு 742. அவள் ஆசைப்பட்டது ஆசிரியர் பயிற்சி. அரசு நிறுவனத்தில் இடம் கிடைக்க அந்த மார்க் போதவில்லை. தனியாரில் சேர்ப்பதென்றால் வெளியூரில் விடுதியில் விட வேண்டும். அத்தா சம்மதிக்கவில்லை. நானும் அவருக்கு எடுத்துச் சொல்லவில்லை. உனக்கு முயற்சி பத்தாது என்று அவளிடம் சொன்னேன். அவள் மார்க் ஷீட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் வைத்தாள்.

இரண்டு வருடம் கழித்து கடையநல்லூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளை சலாவுதீன், ஷார்ஜாவில் கடை மேலாளர், தங்கமான மனிதர். அவருடைய அம்மா ஷம்சாத் பேகம் மாமி எல்லாவற்றையும் கவனிப்பவர். டீ கொடுக்கும் கை, பேசும் பேச்சு, வீட்டின் சுத்தம் எல்லாவற்றையும் பார்த்தார். பேச்சுவாக்கில் நான் பெருமையாக எடுத்துவிட்டேன். இவள் சின்னதில் இடது கைக்காரி மாமி, எழுபத்திரண்டு நாளில் நான்தான் மாற்றினேன் என்று. மாமி அதைக் கேட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். வளர்ப்பு என்றால் இப்படியல்லவா இருக்க வேண்டும் என்று தன் தங்கையிடம் சொன்னார். சம்பந்தம் அன்றைக்கே முடிவானது. அந்த வார்த்தையால்தான் முடிந்தது என்று பல வருடம் நான் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஹஸ்னாவுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம் கழித்து ஒரு பெண் பிள்ளை, பாத்திமா ஹனா. இந்த வருடம் ஒன்றாம் வகுப்பு. தாயைப் போலவே இடது கை.

போன பிப்ரவரியில் ஷம்சாத் மாமி கடைக்குப் போன் செய்தார்.

"தம்பி, ஒம் மருமவளும் பீச்சாங்கையிலதான் எழுதுதா. ஸ்கூல்ல கேட்டா விட்டுருங்கம்மாங்காவ. பிள்ளய வளக்கது ஸ்கூலா நாமளா? நீ ஒருநாளு இங்கன வந்து ஒன் வைத்தியத்தப் பண்ணிட்டுப் போ."

ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னேன். மறுநாள் ஹஸ்னா கூப்பிட்டாள். அவள் எப்போதும் முதலில் அம்மாவின் சுகரைப் பற்றிக் கேட்பாள். அன்று கேட்கவில்லை.

"மாமி ஒன்னக் கூப்பிட்டாவளாமே. வா. வந்து ஒரே ஒரு வார்த்த சொல்லு, நான் செஞ்சது தப்புன்னு. நான் ஒரு மாசமா சொல்லுதேன், எடுபடல. நீயே ஒங்க அண்ணனால நல்லாத்தான இருக்கங்காவ. செஞ்சவன் சொன்னாக் கேப்பாவ."

எனக்கு அந்த நேரத்தில் சுருக்கென்றது. அவள் அதைத் தப்பு என்று நினைக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். அப்படி என்ன ஆகிவிட்டது என்று கேட்டேன். அப்போதுதான் பிளஸ் டூவில் நடந்ததை எல்லாம் சொன்னாள். பரீட்சை அறையில் கடைசி அரை மணி நேரம் கையை உதறி உதறி எழுதியதையும், தெரிந்த பதிலைத் தாளில் இறக்க முடியாமல் மணி அடித்ததையும் சொன்னாள். அழவில்லை. பாடம் நடத்துகிற மாதிரி வரிசையாகச் சொன்னாள். சாப்பாட்டுக்கு வலது கை, அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஹனாவும் அப்படித்தான் சாப்பிடுகிறாள், எழுத்தை மட்டும் விட்டுவிடச் சொல் என்றாள். சரி என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன். புளியங்குடி வழியாகப் போகும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து மாமியிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். 'மாமி, அன்னைக்கு நான் செஞ்சது தப்பு. அதனால அவ படிப்புப் போச்சு. ஹனாவ விட்டுருங்க.' மூன்று வரிதான். கடையநல்லூர் வருவதற்குள் மனப்பாடம் ஆகிவிட்டது.

வீட்டில் நெய்ச்சோறும் தாளிச்சாவும் தயாராகிக்கொண்டிருந்தன. மாமியின் வீட்டுக்காரர் முகம்மது ஹுசைன் மாமா எழுந்து வந்து கையைப் பிடித்து உட்கார வைத்தார். பக்கத்து வீட்டு அம்மாக்கள் இரண்டு பேரும் வந்திருந்தார்கள். கை மாற்றுகிற தம்பி வருகிறது என்று மாமி சொல்லி வைத்திருந்தாராம். ஹனா தரையில் நோட்டை விரித்துப்போட்டு, நாக்கை லேசாக வெளியே நீட்டிக்கொண்டு, இடது கையால் எழுதிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் ஓடி வந்து ஒரு யானைப் படத்தைக் காட்டினாள். யானைக்கு வளையல் போட்டிருந்தாள்.

"எத்தன நாளுன்னு சொன்ன? எழுபத்தி ரெண்டுதான?" என்று மாமி ஆரம்பித்தார். அவருக்கு நினைவிருந்தது.

ஹஸ்னா அடுக்களை நிலையில் கரண்டியோடு நின்றாள். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் மனப்பாடம் செய்த மூன்று வரியை எடுக்கவில்லை. இப்போதெல்லாம் பள்ளியிலேயே ஒன்றும் சொல்வதில்லையே மாமி, விட்டால்தான் என்ன என்று இழுத்தேன். மாமி சிரித்தார். நாளைக்குக் கட்டிக்கொடுக்கிற இடத்தில், நான்கு பேர் இருக்கிற சபையில், ஒரு பெரியவருக்குத் தண்ணீர் கொடுக்கும்போது இவள் இந்தக் கையை நீட்டினால் யாரைச் சொல்வார்கள் என்று கேட்டார். பக்கத்து வீட்டு அம்மா ஒருவர், அதுதானே என்றார். அது வேறு இது வேறு என்று எனக்கு அப்போது தெரியும். ஹஸ்னா போனில் விளக்கியிருந்தாள். ஆனாலும் வாய் வரவில்லை.

"அப்ப நீ அன்னைக்குச் செஞ்சது தப்புங்கியா தம்பி?" என்றார் மாமி.

கேள்வி நேராக வந்துவிட்டது. ஆமாம் என்று ஒரு வார்த்தை போதும்.

"தப்புன்னு இல்ல மாமி" என்றேன்.

"பாத்தியாட்டி, ஒங்க அண்ணனே சொல்லிட்டான்" என்று மாமி அடுக்களைப் பக்கம் திரும்பினார். நிலையில் ஹஸ்னா இல்லை.

பெண் வீட்டுக்காரன் சம்பந்தி வீட்டில் எதிர்த்துப் பேசக்கூடாது, பேசினால் அது தங்கையின் தலையில் விடியும் என்று எங்களில் ஒரு வழக்கம் உண்டு. அதனால்தான் அப்படிச் சொன்னேன் என்று திரும்பும்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மைதான். மாமா கையைப் பிடித்து உட்கார வைத்ததும், அக்கம்பக்கம் என்னைப் பார்க்க வந்திருந்ததும் எனக்குப் பிடித்திருந்தது. செய்தது தப்பு என்று சபையில் ஒப்புக்கொண்டால் அத்தா கொடுத்த பெயரும், இத்தனை வருடமாக நான் சொல்லித் திரிந்த எழுபத்திரண்டு நாளும் என்னிடமிருந்து போய்விடும். அதைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

சாப்பாடு பரிமாறும்போது ஹஸ்னா முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. இன்னும் கொஞ்சம் கறி வைக்கவா என்று கேட்டாள். நான் கிளம்பியபோது அம்மாவுக்கு ஒரு தூக்கில் சோறு கட்டிக்கொண்டு பஸ் நிறுத்தம் வரை கூடவே வந்தாள். பஸ் தெரிந்த பிறகு சொன்னாள்.

"முத்துத்தாய் டீச்சர் அன்னைக்கு எங்கிட்ட, ஒன்ன யாரு மாத்துனதுன்னு கேட்டாவ. ஸ்கூல்லன்னு சொன்னேன். ஒன்ன நான் எங்கயும் விட்டுக் கொடுத்ததில்லண்ணே. நீ எம் பிள்ளய விட்டுக் கொடுத்துட்ட."

கோபமாகச் சொல்லவில்லை. தூக்கைக் கையில் கொடுத்து, சாய்ந்துவிடாமல் பிடித்துக்கொள் என்றாள்.

அந்த வாரமே திரும்பிப் போயிருக்க வேண்டும். ஒரு பள்ளியின் ஆண்டு விழாவுக்கு நாற்பது உடுப்பு ஒப்புக்கொண்டிருந்தேன். அது ஒரு சாக்கு. துணி வெட்டும்போது வாழ்க்கையில் முதல் முறையாக அளவு தப்பி மூன்று சட்டைக்கான துணியை வீணாக்கினேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து எல்லோரும் போன பிறகு பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் போய், இடது கையால் எழுதுவது தப்பா என்று கேட்டேன். சாப்பிடவும் கொடுக்க வாங்கவும் வலது கை, எழுத எந்தக் கை வருகிறதோ அந்தக் கை என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, இவ்வளவு நாள் இதைக் கேட்க ஆள் கிடைக்கவில்லையா என்று சிரித்தார். என்னால் சிரிக்க முடியவில்லை.

பதினோராவது நாள் கடையைப் பூட்டிவிட்டு மறுபடி கடையநல்லூருக்குப் போனேன். போன் செய்யாமல் போனேன். மாலை நான்கரை மணி. மாமி வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். மாமாவும் இருந்தார். ஹஸ்னா மாடிக்குப் போகக் கரும்பலகையைத் துடைக்கும் துணியைக் கையில் வைத்திருந்தாள். நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். அன்றைக்கு நான் செய்தது தப்பு, போன தடவை இங்கே சொன்னதும் தப்பு, இவளுக்குப் படிப்பு வராமல் போகவில்லை, நேரம்தான் பத்தாமல் போனது, அதற்குக் காரணம் நான் என்றேன். ஹஜ்ரத் சொன்னதையும் சொன்னேன். விடாமல் சொல்லி முடித்தேன்.

மாமி சண்டை போடுவார் என்று நினைத்தேன். போடவில்லை. வெற்றிலையைத் தட்டில் வைத்தார்.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்லா தம்பி. இவ சொன்னப்ப தாய்ப்பாசத்துல சொல்லுதான்னு நெனச்சேன். நீ செஞ்சு பாத்தவன், நீ சொன்னத நம்புனேன். நீ போன மறுநாளே ஆரம்பிச்சிட்டேன்."

அவர் பையெல்லாம் போடவில்லை. அடிக்கவும் இல்லை. ஹனா இடது கையில் பென்சிலை எடுக்கும் ஒவ்வொரு தடவையும் 'ச்சீ, அந்தக் கை' என்று சொல்லி மணிக்கட்டில் ஒரு தட்டு. அவ்வளவுதான் என்றார். வீட்டுக்கு வந்துபோகிறவர்களும் அவரோடு சேர்ந்து ச்சீ சொல்லியிருக்கிறார்கள். பிள்ளை கெட்டிக்காரி, சீக்கிரம் புரிந்துகொண்டது என்று மாமி சொல்லும்போது அவர் குரலும் இறங்கியிருந்தது.

ஹனாவைக் கூப்பிட்டார். அவள் அறைக்குள் இருந்து நோட்டோடு வந்தாள். மாமி அவளை மடியருகே இழுத்து, இனிமேல் எந்தக் கையில் வேண்டுமானாலும் எழுது, யாரும் ஒன்றும் சொல்ல மாட்டோம் என்று கன்னத்தைத் தடவிச் சொன்னார். உண்மையான அன்போடுதான் சொன்னார். ஹஸ்னா ஒரு பென்சிலை எடுத்து மகளுடைய இடது கைக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

"மாமாவுக்கு ஒரு படம் போட்டுக் காமி மக்கா. ஒனக்கு எது சுகமோ அந்தக் கையில" என்றேன்.

அவள் மாமியின் முகத்தைப் பார்த்தாள். தாயின் முகத்தைப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். நாங்கள் மூன்று பேரும் சிரித்த முகமாக அவள் கையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அவள் பென்சிலை டப்பாவுக்குள் வைத்து மூடினாள். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அவற்றின் மேலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"எனக்குப் படம் போட வராது" என்றாள்.

மாடியில் டியூஷன் பிள்ளைகள் வந்துவிட்ட சத்தம் கேட்டது. ஹஸ்னா போக எழுந்து, மறுபடி உட்கார்ந்தாள். நான் ஐந்தரை மணி பஸ்ஸை விட்டேன். ஏழு மணிக்கு அடுத்த பஸ். அதுவரை ஹனாவுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். பள்ளிக்கூடத்தைப் பற்றியும் பூனையைப் பற்றியும் எனக்கு நிறையக் கதை சொன்னாள். கைகளை வெளியே எடுக்கவில்லை.